பூட்டிய வீடும் திறந்த கிணறும்

படிக்கும் முன்

உங்கள் சொந்த ஊரின் பெயர் என்ன? அங்கே உங்கள் குடும்பத்திற்கு வீடோ நிலமோ கிணறோ உண்டா? இப்போது அதனை யார் பார்த்துக்கொள்கிறார்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, விடையை ஏட்டில் எழுதிக்கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

ஊருக்குள் நுழையும்போது

கோடை விடுமுறை. தொடர்வண்டியில் ஓர் இரவோ இரண்டு இரவுகளோ பயணம் செய்து, பேருந்து மாறி, ஊர் எல்லையில் இறங்குகிறீர்கள். புளியமரத்தையும் பிள்ளையார் கோயிலையும் மேல்நிலை நீர்த்தொட்டியையும் கடந்து தெருவில் நடக்கிறீர்கள். அப்பத்தாவோ, ஆச்சியோ, அம்மாயியோ, நீங்கள் எம்முறை சொல்லி அழைப்பீர்களோ அவர், திண்ணையிலிருந்து எழுந்து வருகிறார். அந்த மகிழ்ச்சியில் தெருவிலுள்ள மற்ற வீடுகளை நாம் பார்ப்பதில்லை.

இம்முறை சற்று நின்று பாருங்கள். சில வீடுகளின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. வாசலில் கோலம் இல்லை. திண்ணையில் சருகு குவிந்து கிடக்கிறது. அவ்வீட்டார் மும்பையிலோ அகமதாபாத்திலோ பெங்களூரிலோ வாழலாம். அவர்களுடைய பிள்ளைகளும் உங்களைப் போலவே அங்கே ஒரு பள்ளியில் தமிழ் எழுதப் பழகிக்கொண்டிருக்கலாம். உங்களுள் சிலருக்கு அந்தப் பூட்டிய வீடே சொந்த வீடாகவும் இருக்கும்.

பிழைப்பை நாடி வெளியூர் செல்வது குற்றமன்று. ஊரில் மழை பொய்த்ததாலோ, செய்த தொழில் நலிந்ததாலோ, மேற்படிப்பின் பொருட்டோ பலரும் சென்றிருக்கிறார்கள். ஆனால் பூட்டிவிட்டு வந்த வீடு, விட்ட நிலையிலேயே நமக்காகக் காத்திருக்கும் என்று நினைப்பதுதான் தவறு. பூட்டு திருடனைத் தடுக்கும். மழையையும் கறையானையும் தடுக்காது.

ஓர் ஓடு நகர்ந்தால்

பழைய ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றினாலோ, மேலே விழுந்த தேங்காய் மட்டையாலோ, குரங்கு ஓடியதாலோ ஓர் ஓடு நகர்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டில் இது முதல் மழையிலேயே தெரிந்துவிடும். படுத்திருப்பவரின் பாயின்மேல் நீர் சொட்டும். மறுநாளே ஒருவர் ஏணி வைத்து ஏறி ஓட்டைச் சரிசெய்துவிடுவார். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பூட்டிய வீட்டிலும் அதே நீர் சொட்டுகிறது. ஆனால் பார்ப்பவர் இல்லை. ஓட்டைத் தாங்கும் சட்டம் நனைகிறது. பின்னர்க் கைமரம் நனைகிறது. ஈர மரத்தைக் கறையான் தேடி வருகிறது. இரண்டு மூன்று ஐப்பசிகள் கழிந்தபின் ஓர் ஓடு இருந்த இடத்தில் ஒரு பெரிய திறப்பு உண்டாகிறது. மண்சுவர் மேலிருந்து கரைகிறது. பறவையின் எச்சத்தில் வந்த அரசவிதை சுவர்ப் பிளவில் முளைத்து வேர்விட்டு, பிளவை அகலமாக்குகிறது. இறுதியில் சுவர் சாய்கிறது. அது உட்பக்கம் விழுந்தால் வீட்டுக்காரருக்கு மட்டும் நட்டம். தெருப்பக்கம் விழுந்தால்? அத்தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

வீட்டின் பின்புறத்தைப் புழக்கடை என்பர்.  புழக்கம் நின்றுவிட்டால் அங்கே முட்செடி வளர்கிறது. சரிந்த செங்கல்லின் இடுக்கில் எலி குடியேறுகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நம் ஊர்களில் உள்ள நச்சுப் பாம்புகள். அவை இருவீட்டு நடுச்சுவரை எல்லையாக மதிப்பதில்லை. உங்கள் பூட்டிய வீட்டின் புதரால் அடுத்த வீட்டு அத்தைக்கு இரவில் வெளியே வர அச்சம். அவர் உங்களிடம் அதைச் சொல்லமாட்டார். நீங்கள் ஆண்டுக்கொருமுறை வரும் விருந்தினர் அல்லவா?

ஒரு சாண் அகலத் துளை

ஓட்டையும் சுவரையும் விட அஞ்சத்தக்க ஒன்று வயல்வெளிகளில் இருக்கிறது. அது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு.

அது எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கிணற்றில் நீர் வற்றியதும், உழவர் ஒருவர் கடன் வாங்கி ஆழ்துளை போடுகிறார். ஐந்நூறு அடி, எண்ணூறு அடி எனத் துளையிட்டும் நீர் வராமற்போகலாம். பணமும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று. துளையின் மேற்பகுதியில் மண் சரியாமல் காக்கச் செருகிய குழாயையாவது விற்கலாமென்று அதை உருவி எடுத்துவிடுகிறார். குழாய் போனபின் துளையின் வாய் மண் சரிந்து அகல்கிறது. அதன்மேல் ஒரு சாக்கும் ஒரு கல்லும் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். சாக்கு வெயிலிலும் மழையிலும் மக்குகிறது. சுற்றிலும் புல் வளர்கிறது. சில ஆண்டுகளில் அங்கே ஒரு துளை இருப்பதையே எல்லாரும் மறந்துவிடுகின்றனர். அகலம் ஒரு சாணோ சற்றுக் கூடுதலோதான். பெரியவர்களின் கால் சிக்கலாம். நடைபழகும் குழந்தை முழுவதுமாக உள்ளே போய்விடும்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதன்று. 2006 ஜூலையில் ஹரியானாவின் குருச்சேத்திர மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்து வயதுச் சிறுவன் இத்தகைய குழியில் விழுந்தான். அருகில் வேறொரு குழி தோண்டி, இரண்டு நாள் போராடி, இராணுவத்தினர் அவனை உயிருடன் மீட்டனர். நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அதனைப் பார்த்தது. எல்லா முயற்சிகளும் அவ்வாறு முடிவதில்லை. 2019 அக்டோபர் 25 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறைக்கு அருகே, வீட்டருகில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை பழைய ஆழ்துளையில் விழுந்தது. பக்கத்தில் குழி தோண்ட முயன்ற எந்திரங்களைக் கடும்பாறை தடுத்தது. 29-ஆம் நாள் விடியுமுன் குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது. அந்த நான்கு இரவுகளும் தமிழ்நாட்டில் தூங்காதவர் பலர். அதன்பின்னர் மாநிலமெங்கும் திறந்து கிடந்த துளைகளைத் தேடி மூடினார்கள்.

வருந்தத்தக்கது யாதெனில், என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2010-இல் இந்தியா முழுமைக்கும் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி, ஆழ்துளை போட விரும்புவோர் 15 நாள்களுக்கு முன்பே உரிய அலுவலர்க்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணி நடக்கும்போது முள்வேலி இட்டு, உரிமையாளரின் முகவரியோடு பலகை வைக்க வேண்டும். குழாயைச் சுற்றித் தரைக்குமேல் 0.30 மீட்டரும் கீழே 0.30 மீட்டரும் இருக்குமாறு சிமெண்டு மேடை அமைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகடு கொண்டு பற்றவைத்தோ, திருகாணி முடுக்கியோ மூட வேண்டும். கைவிட்ட துளையாயின் களிமண், மணல், கல் முதலியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பிவிட வேண்டும். ஒரு மூடியின் விலை, துளையிட ஆன செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆனாலும் மூடப்படாத துளைகள் எஞ்சுகின்றன. பயன் தராத பொருளுக்கு மீண்டும் செலவிட யாருக்கும் மனம் வருவதில்லை என்பதே காரணம் எனத் தோன்றுகிறது.

தரைமட்டக் கிணறுகளும் இவ்வாறே. பாசனத்துக்காகத் தோண்டிய அகன்ற கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பகலில் ஊரார்க்கு அவை இருக்கும் இடம் தெரியும். விருந்தாக வந்த பிள்ளைக்குத் தெரியாது.

ஏரியைக் காத்தவர்கள்

ஊர்ப்பொதுவைப் பேணுவதற்கு விதி வகுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் எனப்படும் மண்டபத்தின் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் வாரியங்களாகப் பிரிக்கப்பட்டு 360 நாள் பணியாற்றினர். தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம் இருந்தது. வயிரமேக தடாகம் என்னும் பெயர்கொண்ட ஏரி அவ்வூரில் இருந்தது. ஏரிப்பணியைக் கவனிக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு வர இயலாது.

சொந்த மனையில் வீடு கட்டியிருத்தலும், வரி செலுத்தும் நிலம் உடைமையும் தகுதிகளாகக் கூறப்பட்டுள்ளன. ஆகவே நிலமற்றோர்க்கும் பெண்களுக்கும் அச்சபையில் இடமில்லை. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. எனினும் ஏரியைப் பார்த்துக்கொள்வது ‘யாரோ ஒருவர்’ வேலை என்று விடாமல், இன்னின்னார் வேலை, இத்தனை நாள் வேலை என்று கல்லில் வெட்டிவைத்தது கருதத்தக்கது.

பிற்காலத்தில் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. ஏரியில் நீர் வற்றும் கோடையில் பயன்பெறும் உழவர்கள் ஒன்றுகூடித் தூர் எடுப்பர். எடுத்த வண்டல் வயலுக்கு உரமாகும். கரையில் நண்டு வளையும் எலி வளையும் அடைக்கப்படும். சிறு வளைதானே என்று விட்டால், ஏரி நிரம்பியதும் நீர் அதன்வழி கசிந்து கரையையே அறுத்துவிடும். மதகும் கலிங்கும் சரிபார்க்கப்படும். வரத்துக்கால் தூய்மை செய்யப்படும். 2017-இல் தமிழ்நாடு அரசு இதே பெயரில் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

ஏரியைப் பற்றி உங்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. மண் அள்ளிய ஏரியின் அடித்தரை சமமாக இராது. மேலே நீர் ஒரே மட்டமாகத் தெரியும். ஓரடி வைத்தால் முழங்கால் ஆழம். அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிய செய்தியைக் கோடைதோறும் நாளிதழில் காண்கிறோம். நகரின் நீச்சல்குளத்தில் கற்ற நீச்சல் இங்கே போதாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் இறங்காதீர்கள். யாரேனும் மூழ்கினால் நீங்கள் குதிக்காமல், உரக்கக் கூவி ஆளை அழையுங்கள். கயிறோ வேட்டியோ நீண்ட கழியோ நீட்டுங்கள். தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101, அவசர ஊர்திக்கு 108.

யாரிடம் சொல்வது?

ஊராட்சிக்கு அரசமைப்புச் சட்டத்தில் தனி இடம் உண்டு. 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஊர்ச்சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர்க் கிணறு, குளம் ஆகியவை ஊராட்சியின் பொறுப்புகள். மின்கம்பம் சாய்ந்தாலோ கம்பி தாழ்ந்து தொங்கினாலோ மின்வாரிய அலுவலகத்தில் சொல்ல வேண்டும். தெருவிளக்கு எரியாமல் ஒரு மாதம் கிடப்பதற்கு ஊராட்சியின் மெத்தனமே காரணம் என்று கூறுவது எளிது. பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று தெருவார் அனைவரும் எண்ணியதால் ஒருவரும் சொல்லாமல் விட்டதும் உண்டு.

சொல்வதற்குரிய இடம் கிராம சபை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு அங்கே படிக்கப்படும். உறுப்பினர் எவரும் கேள்வி கேட்கலாம்.

இங்கே உங்கள் குடும்பத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரே கிராம சபை உறுப்பினர். உங்கள் பெற்றோரின் பெயர் நீங்கள் இப்போது வாழும் நகரின் பட்டியலுக்கு மாறியிருக்கும். ஊரில் வீடு உண்டு, வீட்டு வரியும் செலுத்துகிறார்கள், ஆனால் சபையில் உறுப்பினர் அல்லர். எனவே உங்கள் வீட்டுக்காகவும் அங்கே பேசுவோர், ஊரைவிட்டுப் போகாத உறவினரும் அண்டை வீட்டாரும்தாம்.

அவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? தொலைவில் இருந்துகொண்டே செய்யத்தக்கவை சில உள்ளன. ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பார்க்கக் கொத்தனாரோ ஓடு மாற்றுபவரோ வருவதற்குப் பணம் அனுப்பலாம். சாய்ந்த சுவரை இடித்துவிடச் சொல்லலாம். பழைய வீடு ஆயிற்றே என்று மனம் தடுத்தாலும், தெருப்பக்கம் சாய்ந்த சுவரை நினைவுச்சின்னமாக வைத்திருக்க முடியாது. திரும்பும் நாளில் மின்னிணைப்பின் முதன்மை விசையை அணைத்துவிட்டு வரலாம். தாத்தாவின் நிலத்தில் பழைய துளையோ கிணறோ உண்டா என்று கேட்டு, அதனை நேரில் சென்று பார்த்து, மூடும்வரை நின்று முடித்துவிட்டுத் தொடர்வண்டி ஏறலாம். பணம் குறைவாயின், செய்ய வேண்டியவற்றுள் முதலாவது இதுவே. ஓடு அடுத்த ஆண்டுவரை பொறுக்கும்.

இன்னொன்று, சாவி. பல குடும்பங்கள் சாவியைப் பையில் போட்டு நகரத்துக்கே கொண்டுவந்துவிடுகின்றன. உள்ளே நீர் ஒழுகினாலோ தீப்பற்றினாலோ அண்டை வீட்டார் வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு சாவி இருந்தால், அவர் மாதம் ஒருமுறை கதவைத் திறந்து, சன்னலைத் திறந்து, கூட்டிவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் கோலமும் போடக்கூடும்.

சொற்பொருள்

கைமரம் – ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்
புழக்கம் – அடிக்கடி பயன்படுத்துதல்
கைப்பிடிச் சுவர் – கிணற்றைச் சுற்றிக் கட்டும் குட்டைச் சுவர்
தூர் – நீர்நிலையின் அடியில் சேரும் சேறு
மதகு – ஏரிநீரை வயலுக்கு விடும் திறப்பு
கலிங்கு – ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் அமைப்பு
வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்
வாரியம் – குறித்த பணிக்கு அமைந்த குழு
மெத்தனம் – அக்கறையின்மை

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. குடியிருக்கும் வீட்டிலும் பூட்டிய வீட்டிலும் ஓர் ஓடு நகர்வதால் உண்டாகும் விளைவுகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஆழ்துளையின் குழாயை உருவி எடுப்பதால் என்ன நேர்கிறது?
3. உத்திரமேரூர் சபையில் யார் யார்க்கு இடமில்லை?
4. வெளியூரில் வாழ்வோர் தம் ஊர்க் கிராம சபையில் உறுப்பினர் ஆக இயலாதது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
ஊராட்சி, முட்செடி, நீர்த்தொட்டி, கடும்பாறை, குடவோலை

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
பார்த்துக்கொள், கைவிடு, கணக்குக் காட்டு, மனம் வருதல்

ஈ. பேசுக.
‘பழைய வீட்டை இடிப்பதா, பழுது பார்ப்பதா?’ இருவர் இருவராகப் பிரிந்து, தந்தையும் பெரியப்பாவும் தொலைபேசியில் உரையாடுவதுபோல் பேசிக் காட்டுங்கள்.

உ. செய்து வருக.
ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, உங்கள் வீட்டையும் தெருவையும் பற்றிக் கேளுங்கள். எரியாத விளக்கு, சாய்ந்த சுவர், மூடாத கிணறு ஆகியவற்றுள் அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனை ஊராட்சித் தலைவருக்கு அவர் எழுதும் விண்ணப்பமாக, ‘ஐயா, வணக்கம்’ எனத் தொடங்கிப் பத்து வரிகளில் எழுதி, அவருக்கே அனுப்பிவையுங்கள்.